விசாரித்தது யார்?

எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து "நீ கொஞ்சம் யோசிச்சுப் பேசியிருக்கலாம்" என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. யோசி, யோசி என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. அவர்கள் யோசித்த லட்சணத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல் இல்லாததால் இடது கையால் போனில் தட்டித் தட்டி எழுதுகிறேன். அதனால் மெதுவாகத்தான் வருகிறது. கோபமும் ஆறாமல் கூடவே வருகிறது.

எங்கள் ஊர் கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கேரளம்தான். ஆனால் வீட்டுக்குள் கோயமுத்தூர்ப் பேச்சு. யோசனையை எங்கள் பக்கம் ரோசனை என்பார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அப்பா ரோசனையில இருக்கறாரு, சத்தம் போடாதே" என்பாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் அந்த ரோசனை குறட்டை விடும். அதே கட்டிலில் நான் சும்மா உட்கார்ந்து எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால், "எந்தக் கோட்டையைப் புடிக்கறதுக்கு உக்காந்திருக்கறே?" என்று கேட்பாள். ஆணுக்கு ரோசனை, பெண்ணுக்கு நெனப்பு. "அவளுக்கு நெனப்பு" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், அவள் எதையோ ஆழமாக நினைக்கிறாள் என்று அர்த்தமில்லை. திமிர் பிடித்தவள் என்று அர்த்தம். எனக்கு நெனப்பு அதிகம் என்று ஊரில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு.

வாசலைத் தாண்டினால் மலையாளம். ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீஸ், பஸ் போர்டு எல்லாம் அதுதான். எனக்கு மலையாளம் பேச வரும். எழுத்துக் கூட்டிப் போர்டு படிப்பேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்ததால் கையால் எழுதிய மலையாளம் மட்டும் பிடிபடாது. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரிச் சொற்கள் ஏராளம். பார்த்தால் நெருங்கிய சொந்தம் போல இருக்கும். நம்பிக் கூடவே நடந்தால் பாதி வழியில் வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஆலோசனை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது அடுத்தவருக்குச் சொல்லும் புத்தி. மலையாளத்தில் ஆலோசனை என்றால் யோசிப்பது. அதோடு, பெண் கேட்டு வருவதற்கும் அதே சொல்தான். எனக்குக் கல்யாண வயது வந்த சமயம், அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த மலையாளத்து அம்மா ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து, "மோள்க்கு நல்லொரு ஆலோசன உண்டு" என்றார். அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "எம்பட புள்ளைக்கு ஆருங்க ஆலோசனை கேட்டாங்க? நாங்களே சொல்லி வளத்திக்குவமுங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த மாப்பிள்ளை யார் என்று இன்றுவரை தெரியாது. விஷயம் புரிந்த பிறகு வீட்டில் வாரக்கணக்கில் சிரித்தோம். ஒரு சொல் இடறினால் போவது இவ்வளவுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பிறகு கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி செய்கிற கம்பெனி. அங்கே எச்.ஆர். அதிகாரி ஒரு மலையாளி. இஸ்திரி கலையாத சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு. கக்கூஸுக்குக் கதவு கேட்டாலும் சரி, ஃபேன் கேட்டாலும் சரி, அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "கூலங்கஷமாயி ஆலோசிக்காம்." ஆழமாக, அலசி ஆராய்ந்து யோசிக்கலாம் என்று அர்த்தமாம். எங்கள் லைனில் இருந்த பெண்களின் காதில் அது கூலிக் கஷ்டம் என்றுதான் விழுந்தது. "என்னடி சொன்னாரு?" என்று ஒருத்தி கேட்டால், "நம்ம கூலிக் கஷ்டத்தைப் பத்தி ஆலோசிக்கறாராமா" என்று இன்னொருத்தி சொல்வாள். அவர் ஆலோசித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒரு மழைக்காலம் முழுக்க, கதவில்லாத கக்கூஸுக்கு வெளியே ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்றோம்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு இரும்பு அச்சுகள் மூடித் திறக்கும். திறக்கும்போது மூடிகள் கீழே உதிரும். சில நேரம் ஒரு மூடி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது மெஷினை நிறுத்திவிட்டு, கையை உள்ளே விட்டு அதைப் பிய்த்தெடுக்க வேண்டும். ஸ்விட்ச் இருப்பது மெஷினுக்கு அந்தப் பக்கம்; அதைப் போட்டு நிறுத்துவது ஆபரேட்டர். கையை விடுகிறவளுக்கு ஸ்விட்ச் கண்ணில் படாது. அச்சு திறந்து நிற்கும்போது, மெஷின் நின்றுவிட்டதா, மறுபடி மூடப் போகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் காதும் உதவாது. அந்தப் பக்கம் நிற்பவர் சொல்வதை நம்பித்தான் கையை விட வேண்டும். அப்படிச் சொல்ல அந்தப் பக்கம் நின்றவர் எங்கள் சூப்பர்வைசர். பக்கத்து ஊர்க்காரர், வீட்டில் எங்களைப் போலவே பேசுகிறவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அன்றைக்கு ஒரு மூடி ஒட்டிக்கொண்டது. "ஏனுங்ண்ணா, ஆஃப் பண்ணியாச்சுங்களா?" என்று கத்திக் கேட்டேன். "ஆச்சு, ஆச்சு" என்றார். கையை விட்டேன். அச்சு மூடியது.

அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் ஊரே விசாரிக்க வந்தது. உடம்பு சரியில்லாதவர்களையும் துக்க வீட்டையும் எங்கள் பக்கம் விசாரிக்காமல் விட மாட்டார்கள். வந்தவர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட கையைப் பார்த்து "எப்புடிச் சாமி ஆச்சு?" என்று கேட்டார்கள். எல்லாருக்கும் முதலிலிருந்து சொன்னேன். சூப்பர்வைசர் மட்டும் வரவில்லை. "அவருக்குச் சங்கட்டமா இருக்கும், பாவம்" என்றாள் அம்மா. நானும் பாவம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போது எரிகிறது.

கட்டுப் பிரிக்கும் முன்பே கம்பெனியில் கூப்பிட்டார்கள். அவர்கள் அதற்கு அன்வேஷணம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நமக்கு அது விசாரணை. அறையில் எச்.ஆர். அதிகாரி, சூப்பர்வைசர், நான். அதிகாரி தானே எழுந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். தமிழிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியும் என்றார். அந்த வலியில் எனக்கும் மலையாளம் தேடிக்கொண்டிருக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். "ஆஃப் பண்ணியாச்சான்னு விசாரிச்சனுங்க சார். அதுக்கப்புறந்தான் கையை உட்டேன்."

கேட்டேன் என்று சாதாரணமாகச் சொல்லாமல் ஏன் விசாரிச்சேன் என்று சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். பெரிய ஆள் முன்னால் பேசும்போது நாக்கு தானாகவே கொஞ்சம் கௌரவமான சொல்லை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதில் ஒரு தப்பும் இல்லை.

அவர் எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார். "மிஷீன் ஓஃபாயி என்னு விசாரிச்சு. அல்லே?"

"ஆமாங்க சார், விசாரிச்சேன்."

சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "சரியல்லே?" என்று கேட்டார். அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டு "ஆ" என்றார். எழுதியதை அதிகாரி நீட்டினார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கைப் பெருவிரலில் மை தடவி ஒற்றினேன். பன்னிரண்டாவது படித்தவள் கைநாட்டு வைத்தாயிற்று.

கொஞ்ச நாளில் முடிவு சொன்னார்கள். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் அஸ்ரத்த. தமிழிலும் அது அசிரத்தைதான். மற்றச் சொற்களெல்லாம் எல்லையில் வாளையாறு தாண்டினால் குணம் மாறும். இந்தச் சொல்லில் மட்டும் இரண்டு மொழிக்கும் சண்டையே இல்லை. இவ்வளவு கவனமில்லாத ஒருத்தியை மறுபடி உள்ளே விட முடியாது, அதனால் வேலையும் இல்லை என்றார்கள். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நீ கொஞ்சம் ரோசனை பண்ணிக் கையை உட்டிருக்கலாஞ் சாமி" என்றாள். பெற்றவளே சொன்னாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

லைனில் என்னோடு வேலை செய்த மலையாளத் தோழி ஒருத்தி பார்க்க வந்தாள். என்னைவிடச் சின்னவள். வந்ததும் வராததுமாக, "சேச்சி எந்தினா அங்ஙனெ பறஞ்ஞது?" என்று வருத்தப்பட்டாள். எதை அப்படிச் சொன்னேன் என்று கேட்டேன். "ஓஃபாயீன்னு விசாரிச்சூன்னு சேச்சி தன்னெயல்லே பறஞ்ஞது? சோதிச்சூன்னல்லே பறயேண்டது?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. மலையாளத்தில் விசாரிச்சு என்றால் நினைத்தேன். மெஷின் நின்றுவிட்டது என்று நானாகவே நினைத்துக்கொண்டு கையை விட்டேன் என்று எழுதி, எனக்கே சொல்லிக் காட்டி, தலையாட்ட வைத்து, கைநாட்டும் வாங்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு மலையாளத்தில் சோதிச்சு என்று சொல்ல வேண்டும். அது நம் காதில் சோதித்துப் பார்த்தேன் என்று விழும். சும்மா கேட்டேன் என்று சொல்லியிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டேன். மலையாளத்தில் கேட்டு என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான். யாரோ சொல்லக் காதில் விழுந்ததாம் என்று எழுதியிருப்பார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். பஸ்ஸிலும் கடையிலும் "ஞான் விசாரிச்சு" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அறையில் நான் தமிழ் பேசிக்கொண்டிருந்தேன். தமிழில் சொல் என்று சொன்னதே அவர்தான். என் சொல்லைத் தமிழில் வாங்கி மலையாளத்தில் வைத்துக்கொண்டால், அதற்கு நானா பொறுப்பு? போகட்டும், அதிகாரிக்குத் தெரியாமல் நடந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு சலுகையை அவருக்குக் கொடுக்கிறேன். அண்ணாவுக்குத் தெரியாதா? வீட்டில் ஒரு விசாரிப்பும் கம்பெனியில் ஒரு விசாரிப்புமாக வாழ்கிற மனுஷன்தானே அவரும். நான் என்ன சொன்னேன், அதிகாரி என்ன எழுதினார், இரண்டும் புரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான். புரிந்துதான் தரையைப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, "வாங்க அம்மிணி, உள்ள வாங்க" என்றார். உள்ளே வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு எதுக்குங்க ஆச்சுன்னு சொன்னீங்க?"

"ஆபரேட்டர் ஆஃப் பண்ணிட்டான்னு நெனைச்சனுங்க" என்றார்.

நெனைச்சனுங்க. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். தமிழில் விசாரித்தது நான். மலையாளத்தில் விசாரித்தது அவர். அவர் நினைத்ததை என் வாயில் வைத்து எழுதிக்கொண்டார்கள். அவர் அதைக் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அங்க சொல்றதுக்கென்னங்க?"

"அன்னிக்கிருந்து அதே ரோசனைதானுங்க. தூக்கமே இல்லீங்க."

"என்ன ரோசனைங்க?"

"சொன்னா எம்பட வேலை என்னாகும்னு."

ஆற அமர யோசித்தேன் என்பார்கள், மண்டையைக் குடைந்துகொண்டேன் என்பார்கள், மனசில் போட்டு உருட்டினேன் என்பார்கள். மேலே இருப்பவர்கள் கூலங்கஷம் என்பார்கள். ஒளிந்துகொள்வதற்கு இவற்றைப் போல வசதியான இடம் வேறு கிடையாது. யோசிக்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் கற்றுக்கொண்ட மரியாதை அது. அதை அன்றைக்கு அந்த வாசலிலேயே விட்டேன். "நான் கேட்டப்ப ஒருக்காத் தலையைத் திருப்பி ஸ்விட்சைப் பாத்திருந்தாப் போதுமுங்க. அதுக்கு ரோசனையே வேண்டியதில்லீங்களே" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அக்கம்பக்கத்துக்காரர்களும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலையாளத் தோழி சும்மா இருக்கவில்லை. லைனில் எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னாள். இனிமேல் மூடி ஒட்டினால் கையை விட மாட்டோம், முதலில் விரல் போனவளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்கள் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஒட்டிய மூடியோடு மெஷின்கள் அப்படி அப்படியே நின்றன. கதவுக்காக ஒரு மழைக்காலம் ஆலோசித்தவர்கள் இதற்கு மறுநாளே என்னைக் கூப்பிட ஆளனுப்பினார்கள்.

அதே அறை, அதே மூன்று பேர். இந்தத் தடவை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் வெளியே நின்றார்கள். நான் முன்கூட்டியே சொல்லிப் பார்த்து வைத்திருந்த மலையாளத்தில் சொன்னேன். "ஞான் விசாரிச்சதல்ல சார். சோதிச்சதாணு." அதிகாரி பெருமூச்சு விட்டார். முன்னால் ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொல்வதாகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே, "இவங்க உங்ககிட்ட கேட்டாங்களா?" என்றார்.

"கேக்கலைங்க" என்றார் அண்ணா.

இத்தனை நாள் தூங்காமல் ரோசனை பண்ணி அவர் கண்டுபிடித்த சொல் அதுதான். எங்கள் தமிழில் கேக்கலை என்றால் அவள் கேட்கவில்லை என்றும் ஆகும், எனக்குக் காதில் விழவில்லை என்றும் ஆகும். எவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பொய் சொன்ன பாவமும் இல்லை, உண்மை சொன்ன நஷ்டமும் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான். அதிகாரி அதற்குள் பேனாவை எடுத்துவிட்டார்.

"நான் கேக்கலீங்களா, உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்றேன்.

மறுபடியும் தரையைப் பார்த்தார்.

"கேக்கலீன்னா, ஆருக்குங்க ஆச்சுன்னு பதில் சொன்னீங்க?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நமுக்கு இது கூலங்கஷமாயி" என்று ஆரம்பித்தார். "ஆலோசிச்சது மதி சார்" என்றேன். போதும் என்பதற்கு மலையாளத்தில் மதி. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை எனக்காகச் சொன்னேன். அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த என் கையைத்தான் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், மலையாளத்தில், "சோதிச்சு" என்றார்.

ஒரே சொல். அசிரத்தை என்று எழுதியதை அடித்துவிட்டு என்னை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். மெஷினில் இல்லை, பேக்கிங் மேஜையில். அண்ணாவின் வேலை போகவில்லை. அவ்வளவு ரோசனைக்கும் அவசியமே இருந்திருக்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னாரே, நல்ல மனுஷன், அவருக்கு நன்றி சொல்லு என்றாள் அம்மா. நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எனக்கு வர வேண்டியதை என்னிடம் கொடுத்ததற்கு நன்றி எதற்கு?

போன வாரம் மேஜையில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நான் நின்ற மெஷினில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் நிற்கிறாள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு மூடி ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு சொல்லை வைத்துக்கொண்டு, "ஆஃப் ஆச்சா?" என்று கேட்டாள். மெஷினுக்கு அந்தப் பக்கம் அண்ணா போனைப் பார்த்தபடி, தலையைத் திருப்பாமல், "ஆச்சு, ஆச்சு" என்றார். அவள் கையைத் தூக்கினாள். நான் போட்ட சத்தத்தில் மூடிகள் மேஜையிலிருந்து சிதறி ஓடின. அவள் கை அந்தரத்தில் நின்றது. "பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அண்ணா போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஸ்விட்ச் வரை நடந்து போய்க் குனிந்து பார்த்தார். அன்றைக்கு அது உண்மையாகவே நின்றிருந்தது. ஆனாலும் அவர் திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்த்து ஆச்சு என்று சொல்லும்வரை நான் உட்காரவில்லை.